கல்லோ, கொடியோ, உயிரோ? – பவளத்தின் இயல்பு கண்ட வரலாறு

நவமணிகள் எனத் தமிழர் போற்றும் ஒன்பதனுள் ஏழு, மண்ணிலும் மலையிலும் கிடைப்பவை. கடல் தருபவை இரண்டே. அவை முத்தும் பவளமும் ஆம். முத்து சிப்பியினுள் விளைவது என்பதைக் கொற்கைத் துறையில் மூழ்கி முத்தெடுத்த மக்கள் கண்ணாரக் கண்டறிந்திருந்தனர். பவளத்தின் நிலை அத்தகையது அன்று. புகழ்பெற்ற செம்பவளம் விளையும் இடம் நெடுந்தொலைவிலுள்ள மத்தியதரைக் கடல். இலையற்ற சிறு செடியைப் போலக் கிளைவிட்டுச் சிவந்திருந்த அப்பொருளுக்குத் தமிழ் மக்கள் 'பவளக்கொடி' என்று பெயர் வழங்கினர்.

மலாய்க்காரர்கள் தம் கடலோரத்தில் வளரும் பவளத் திட்டுகளைப் 'பத்து காராங்' என்பர். 'பத்து' என்றால் கல். ஒரு மொழி அதனைக் கொடி என்கிறது. மற்றொரு மொழி கல் என்கிறது. பவளத்தின் நெருங்கிய உறவான மற்றோர் உயிருக்குக் 'கடற்சாமந்தி' என்று பூவின் பெயரே அமைந்துவிட்டது. மற்றோர் உறவினத்தை 'இழுதுமீன்' என்கிறோம். அதுவோ மீன் அன்று. கண்ணுக்குத் தோன்றிய வடிவைக் கொண்டு மக்கள் பெயரிட்டனர். அதில் குறை கூற ஒன்றுமில்லை.

ஆயினும், இவை உண்மையில் என்ன? கல்லா, செடியா, விலங்கா? இக்கேள்விக்கு விடை காண ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. விடையைச் சரியாகக் கண்ட மருத்துவர் ஒருவரின் சொல், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஏற்பார் இன்றிக் கிடந்தது. அது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பது, அறிவியல் கற்பிப்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு.

பழையோர் கொண்ட கருத்து

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கடல்வாழ் உயிர்களை ஊன்றிப் பார்த்தவர். தொட்டால் அரிக்கும் கடற்சாமந்தி போன்றவற்றை அவர் 'கடல் காஞ்சொறி' என்று பொருள்படும் பெயரால் குறித்தார். செடியினத்திலிருந்து விலங்கினத்திற்கு இயற்கை சிறிது சிறிதாகவே ஏறிச் செல்கிறது என்பதும், கடலில் வாழும் சிலவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று துணிவது அரிது என்பதும் அவர் கருத்து. அவருடைய மாணவர் தியோபிராஸ்டஸ், கற்களைப் பற்றி எழுதிய நூலிலேயே பவளத்தையும் சேர்த்தார்.

ரோமர் காலத்தில் வேறொரு நம்பிக்கை பரவியது. பவளம் நீருக்குள் மென்மையான செடியாக இருந்து, காற்றுப் பட்டவுடன் கல்லாக இறுகுகிறது என்பதே அது. கவிஞர் ஓவிட் இதனைக் கதையாக்கினார். பிளினி தம் பெருநூலில் செய்தியாகவே எழுதினார். அதே பிளினி தமிழருக்கும் உரியதான ஒரு செய்தியையும் தருகிறார். இந்திய முத்துகளை ரோமர் எவ்வளவு விரும்பினரோ, அவ்வளவு விருப்பத்துடன் இந்தியர் பவளத்தை விரும்பினராம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரையக் கடற்பயண நூலும், முசிறித் துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் ஒன்றாகப் பவளத்தைக் குறிக்கிறது. கீழ்த்திசை முத்து மேற்கே போயிற்று. மேற்றிசைப் பவளம் கிழக்கே வந்தது. இரு திசையாரும் அணிந்து மகிழ்ந்தனர். பவளத்தின் பிறப்பை மட்டும் இரு திசையாரும் அறிந்தாரில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. செடிகொடிகளுக்குத் தொட்டுணரும் அறிவு ஒன்றே உண்டு என்பது அதன் துணிபு. தொட்டாற்சுருங்கியைக் கண்டவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். எனவே, தொட்டவுடன் ஒன்று சுருங்குகிறது என்பதால் மட்டும் அதனை விலங்கு என்று சொல்லிவிட முடியாது. பவள ஆராய்ச்சியில் இந்தத் தடை பின்னர்ப் பெரிதாக எதிர்ப்பட்டது.

கண்ணாடிக் கலத்தில் மலர்ந்த 'பூ'

பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது செடிநூல் வல்லார் பலர் பவளத்தைத் தம் துறைக்கே உரியதாகக் கொண்டிருந்தனர். பிரெஞ்சு நாட்டின் துர்னபோர் 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில் அதற்கும் இடம் அளித்தார். ஆனால் செடி என்றால் பூ எங்கே, விதை எங்கே என்ற கேள்விக்கு விடையில்லை.

பூவைக் கண்டதாக அறிவித்தவர் மார்சிலி பிரபு. இத்தாலியில் பொலோஞா நகரில் 1658இல் பிறந்தவர், படைத்தலைவராக இருந்தவர், கடலை ஆராய்வதில் தணியாத ஆர்வம் கொண்டவர். 1706ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் தென்பிரான்சில் மார்ஸேல்ஸ் நகருக்கு அருகிலுள்ள காசிஸ் என்னும் கடலூரில் தங்கியிருந்தார். பவளம் எடுக்கும் செம்படவர்களோடு கடலுக்குச் சென்று, வலையில் வந்த பவளக் கிளைகளை உடனே கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கலங்களில் இட்டு வைத்தார். சில மணி நேரங் கழித்துப் பார்த்தபோது சிவந்த கிளையெங்கும் வெண்மையான சிறு பூக்கள் மலர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு இதழ்கள். நீரிலிருந்து எடுத்தால் அவை மூடிக்கொண்டன. மீண்டும் நீரில் இட்டால் மலர்ந்தன.

மார்சிலியின் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. பவளம் செடியே என்பதற்கு இனி வேறு சான்று வேண்டியதில்லை என்று அவரும் பிறரும் கருதினர். 1725ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய கடல்நூல், அப்பூக்களின் படங்களைத் தாங்கி வந்தது. அவர் கண்டது அனைத்தும் உண்மை. எட்டு இதழ் என்ற எண்ணிக்கையும் உண்மை. கண்டதற்கு அவர் இட்ட பெயரே பிழை. 'பூ' என்று சொல்லிய பின் அது வேறொன்றாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அவர் மனத்தில் எழவில்லை.

மார்ஸேல்ஸ் மருத்துவர்

அதே மார்ஸேல்ஸ் நகரில் 1694இல் பிறந்தவர் ழான் ஆந்திரே பெய்ஸொனெல். மருத்துவர் குடும்பம். 1720ஆம் ஆண்டில் அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோய் பல்லாயிரவரைக் கொன்றது; நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த அவர் தந்தையும் அதற்கு இரையானார். மகனும் மருத்துவரே, ஆனால் கடற்பொருள்களை ஆராய்வதிலும் அவர் மனம் சென்றது. மார்சிலியை நன்கு அறிந்தவர். அவர்மேல் பெருமதிப்புக் கொண்டவர். 1723இல் செம்படவர்களுடன் கடலுக்குச் சென்று, மார்சிலி கண்ட பூக்களைத் தாமும் கண்டார். அப்போது அவருக்கும் அவை பூக்களாகவே தோன்றின.

பின்னர் அரசரின் ஆணைப்படி வட ஆப்பிரிக்கக் கரைக்குப் பயணமானார். இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்த லா கால் என்னும் துறையில் பிரெஞ்சுக்காரர் பவளம் எடுத்து வந்தனர். 1725இல் அங்கே அவர் அந்தப் பூக்களை மறுபடியும் ஆராய்ந்தார். இம்முறை அவர் பார்த்ததோடு நிற்கவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

கலத்தில் மலர்ந்த 'பூ'வைத் தொட்டார். அது சுருங்கி உள்ளே போயிற்று. அமிலம் விட்டார், அப்போதும் சுருங்கியது. கலத்தை நெருப்பின் அருகே வைத்து நீரைச் சிறிது சூடாக்கினார். எல்லாம் விரிந்து வெளியே வந்தன. நெருப்பைக் கூட்டிக் கொதிக்கவிட்டார். விரிந்தவை விரிந்தபடியே, பவளத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டு இறந்தன. கொதிநீரில் இட்ட சிப்பியும் நத்தையும் அவ்வாறே வாய்திறந்து இறப்பதை அவர் அறிவார். இறந்த பவளத்தை நீரில் அழுகவிட்டபோது எழுந்த நாற்றம் அழுகிய இலையின் நாற்றம் அன்று, மீன் நாற்றம்.

இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்து அவர் முடிவு செய்தார்: இது பூ அன்று, சிறிய உயிர். கடல் காஞ்சொறி எனப்படும் கடற்சாமந்தியைப் போன்ற, மிகச் சிறிய விலங்கு. மார்சிலி இதழ் என்று கருதியவை அவ்விலங்கின் கால்கள். சிவந்த கல், அது தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. சிப்பிக்கு ஓடு எப்படியோ, இவ்வுயிருக்குப் பவளம் அப்படி. தாம் மதித்த பெரியவரின் முடிவையும், தாமே இரண்டாண்டுகளுக்கு முன் கொண்டிருந்த கருத்தையும் அவர் ஒருங்கே கைவிட வேண்டியதாயிற்று.

பெயர் மறைத்த கழகம்

1726இல் பெய்ஸொனெல் தம் ஆராய்ச்சியைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற்கு அனுப்பினார். அக்கழகத்தின் ஒளிவிளக்காக அன்று திகழ்ந்தவர் ரெயோமூர். வெப்பமானிக்குத் தம் பெயரால் ஓர் அளவுமுறையை வகுத்தவர்; பூச்சிகளைப் பற்றி அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் இல்லை. அவருக்குப் பெய்ஸொனெலின் கருத்து நம்பத்தகாததாகத் தோன்றியது.

ரெயோமூரின் ஐயம் அறிவற்றது அன்று. ஓர் உயிர் ஓர் ஓட்டைக் கட்டுவது அறிந்த செய்தி. அடிமரமும் கிளையும் நுனியுமாக மரம்போல் வளரும் ஓர் உருவை, ஊசித்தலை அளவினவாகிய ஆயிரம் உயிர்கள் தம்முள் கூடி எப்படிக் கட்டும்? கிளைத்து வளர்வது செடிக்கே உரிய இயல்பு அன்றோ? பவளத்தின் மேல்தோல் செடி என்றும், அது உதிர்க்கும் சிவந்த துகள்கள் ஒன்றுகூடிக் கல்லாகின்றன என்றும் அவர் வேறொரு விளக்கம் கூறினார். 1727இல் கழகத்தில் அதனைப் படித்தபோது, பவளத்தை உயிர்களின் வீடு என்று கொள்ளும் கருத்தையும் எடுத்துக் கூறி மறுத்தார். ஆனால் அக்கருத்துக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டார். பெயரைச் சொன்னால் அந்த மருத்துவர் நகைப்புக்கு ஆளாவார் என்று இரங்கியே அவ்வாறு செய்தாராம்.

இரக்கத்தால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததே. பெய்ஸொனெல் 1727இல் அரசாங்க மருத்துவராகவும் செடி ஆராய்வோராகவும் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய குவாடலூப்பிற்குச் சென்றார். அங்கும் அவர் கடலை விட்டாரில்லை. அக்கடலின் பவளங்களையும் கடற்பஞ்சுகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதி வந்தார். பாரிஸில் அவர் கருத்தை நினைப்பார் இல்லை.

வீட்டு ஆசிரியரும் குளத்து நீரும்

பெய்ஸொனெலின் வழக்குக்குப் புதிய சான்று எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆலந்து நாட்டில் ஹேக் நகருக்கு அருகே பெண்டிங்க் பிரபுவின் மாளிகை இருந்தது. அவருடைய இரு புதல்வர்களுக்கு ஆசிரியராக அமர்ந்தவர் ஜெனீவாவில் 1710இல் பிறந்த ஆபிரகாம் டிராம்பிளே. ஏட்டைப் புரட்டுவதோடு நில்லாமல், குளத்து நீரைக் கண்ணாடிக் கலங்களில் எடுத்து வந்து, அதிலுள்ள சிற்றுயிர்களைச் சிறுவர்களுக்குக் காட்டிக் கற்பிப்பது அவர் வழக்கம்.

1740ஆம் ஆண்டின் கோடையில், நீர்ச்செடியில் ஒட்டியிருந்த பச்சைநிறப் பொருள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அரை அங்குலமும் இராது. ஒரு முனையில் நூல் போன்ற சில இழைகள். செடி என்றே முதலில் எண்ணினார். கலத்தை அசைத்தபோது அது சுருங்கிற்று. தொட்டாற்சுருங்கியும் அப்படித்தானே என்று எண்ணினார். பின்னர் அது இடம்விட்டு இடம் நகர்வதைக் கண்டார். ஐயம் வலுத்தது. இதனைத் தீர்க்க ஒரு சோதனை செய்தார். வெட்டி நட்டால் இரு துண்டும் முளைப்பது செடியின் இயல்பு. விலங்கை வெட்டினால் அது மடியும். ஆகவே அதனைக் குறுக்கே வெட்டிப் பார்ப்போம் என்று துணிந்து, 1740 நவம்பர் 25ஆம் நாள் வெட்டினார்.

இரு துண்டும் பிழைத்தன. தலைத் துண்டுக்கு அடி வளர்ந்தது. அடித் துண்டுக்குத் தலையும் இழைகளும் முளைத்தன. அவர் வகுத்த விதிப்படி அது செடியாதல் வேண்டும். ஆனால் அதே பொருள் தன் இழைகளால் நீர்ப்பூச்சிகளைப் பற்றி, வாயில் இட்டு விழுங்கியதையும் அவர் பார்த்தார். அதன் பக்கத்தில் மொட்டுப் போல் ஒன்று அரும்பி, இழைகள் முளைத்து, குட்டியாகிப் பிரிந்து சென்றதையும் பார்த்தார். இரை தேடி உண்ணும் விலங்கே செடிபோல் துளிர்க்கவும் வல்லது! விதியைத்தான் திருத்த வேண்டியதாயிற்று.

டிராம்பிளே தாம் கண்டதை ரெயோமூருக்கு எழுதினார். உயிருடன் அனுப்பியும் வைத்தார். 1741 மார்ச்சில் ரெயோமூர் அதனைப் பாரிஸ் கழகத்தார்க்குக் காட்டினார். பல கால்களையுடையது என்னும் பொருளில் அதற்குப் 'பாலிப்' என்ற பெயர் அமைந்தது. இக்காலத்துப் பள்ளி நூல்களில் 'ஹைட்ரா' என்று படிக்கப்படுவது அதுவே. லண்டன் ராயல் சொசைட்டி 1743இல் டிராம்பிளேக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. 1744இல் வெளிவந்த அவர் நூலில், ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் கலங்களை நோக்கி நிற்கும் காட்சி படமாகவே வரையப்பட்டிருக்கிறது.

பிழையை ஒப்புக்கொண்ட பெரியவர்

கிளைத்து வளர்வது செடிக்கே உரியது என்ற தூணின் மேல்தான் ரெயோமூரின் மறுப்பு நின்றது. குளத்து நீரில் கிடைத்த சிற்றுயிர் அத்தூணைச் சாய்த்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் தள்ளிய கருத்து அவர் நினைவுக்கு வந்தது. பெர்னார் த ஜுஸ்ஸியூ என்னும் செடிநூல் அறிஞர் 1741இல் நார்மண்டிக் கடற்கரைக்குச் சென்றார். கெத்தார் என்பவர் வேறொரு கரைக்குச் சென்றார். கடற்செடிகள் என்று கொள்ளப்பட்ட பலவற்றைக் கடல்நீரில் உயிருடன் வைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினர். கிளைதோறும் பாலிப்புகள் தலைநீட்டின. பெய்ஸொனெல் சொன்னது சரியாயிற்று.

1742ஆம் ஆண்டில் ரெயோமூரின் பூச்சி வரலாற்று நூலின் ஆறாம் தொகுதி வெளிவந்தது. அதன் முன்னுரையில், தாம் முன்பு ஏற்க மறுத்த கருத்து உண்மையே என்று எழுதி, அதற்கு உரியவர் பெய்ஸொனெல் என்று பெயரையும் வெளிப்படையாகக் குறித்தார். முன்பு இரக்கத்தால் மறைத்த பெயரை இப்போது நேர்மையால் வெளியிட்டார். ஐரோப்பா முழுதும் படித்த ஒரு நூலின் வாயிலில், தம் பிழையைத் தாமே எழுதி வைப்பது எளிய செயல் அன்று.

பெய்ஸொனெல் தம் நீண்ட கையெழுத்து நூலை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வாட்சன் என்பார் அதன் சுருக்கத்தை 1752இல் அச்சபையில் எடுத்துரைக்க, அது சபையின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1755இல் ஜான் எல்லிஸ் என்னும் லண்டன் வணிகர், கடற்பாசி போன்ற தோற்றமுடைய பவளவகைகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். எஞ்சிய ஐயங்களையும் அது பெரும்பாலும் போக்கியது. பெய்ஸொனெல் 1759இல் இறந்தார். அவர் எழுதிய முழு நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

ஒரே குடும்பம்

பவளத்தின் உயிரைக் கடற்சாமந்திக்கு ஒப்பிட்டார் பெய்ஸொனெல். அது வெறும் உவமை அன்று, உண்மையான உறவே என்பதைப் பிற்காலம் மெய்ப்பித்தது. பவளம், கடற்சாமந்தி, இழுதுமீன், ஹைட்ரா ஆகிய நான்கிற்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. உடல் ஒரு பை. பைக்கு ஒரே திறப்பு. உண்பதும் கழிவை உமிழ்வதும் அவ்வழியே. திறப்பைச் சுற்றி உணர்இழைகள். உடற்சுவரில் இரண்டு அடுக்குகள். இடையில் கூழ் போன்ற பொருள். இழுதுமீனில் அக்கூழே பெருகி உடலாகிவிடுகிறது. 1847ஆம் ஆண்டில் லூக்கார்ட், பிரே என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் இவ்வகை உயிர்களைத் தனிப் பிரிவாக வகுத்தனர். தமிழ் நூல்கள் அவற்றைக் 'குழியுடலிகள்' என வழங்குகின்றன.

இக்குடும்பத்தின் பொதுச் சொத்து கொட்டும் அணுக்கள். ஒவ்வோர் அணுவினுள்ளும் நுண்ணிய உறை ஒன்று; அதனுள் சுருட்டி வைத்த நூல் ஒன்று. இரையோ பகையோ தீண்டினால் உறை வெடித்து நூல் வெளியே பாய்கிறது. ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சல் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் தொடங்கித் தைத்துவிடுகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் அளந்துள்ளன. கடலில் குளிப்பவர் உடலில் இழுதுமீன் பட்டவுடன் தழும்பு எழுவது இதனாலேயே.

ஒட்டி வாழும் பாலிப்பும் நீந்தித் திரியும் இழுதுமீனும் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் காட்டியவர் நார்வே நாட்டு மிக்கேல் சார்ஸ். 1829இல் இரண்டு சிற்றுயிர்களைக் கண்டு, இருவேறு இனங்கள் என்று கருதிப் பெயரிட்டார். ஒன்று ஹைட்ராவை ஒத்தது. மற்றொன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது. பின்னர் அவர் கடற்கரைச் சிற்றூர்களில் பாதிரியாராகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் கடலையே நோக்கிவந்த அவர், 1841இல் உண்மையை வெளியிட்டார். இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள். ஹைட்ரா போன்ற குட்டி வளர்ந்து தட்டு அடுக்காகிறது. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று நீந்திச் சென்று இழுதுமீன்கள் ஆகின்றன. சார்ஸும் தாம் இட்ட பெயர்களைத் தாமே திருத்திக்கொண்டார்.

செடி மீண்டும் வந்த கதை

பவளம் விலங்கே என்று தீர்ப்பான பின், செடி என்ற கட்சி அடியோடு தோற்றதாகவே அறிஞர்கள் கருதினர். ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. வெப்பக் கடல்களில் பாறைத் திட்டுகளைக் கட்டும் பவளங்களின் உடலினுள் பழுப்பு நிறமான நுண்ணிய உருண்டைகள் காணப்பட்டன. பல கடலுயிர்களின் உடலினுள் இத்தகையன உண்டு. அவை விலங்கின் உறுப்புகள் அல்ல, உள்ளே குடியிருக்கும் தனி நுண்பாசிகள் என்று உணர்ந்து, ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்ட் 1881இல் அவற்றுக்குப் பெயரிட்டார். விலங்கின் உள்ளேயே ஒரு பயிர்!

இந்நுண்பாசி கதிரொளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. அதில் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளம் அதற்கு உறைவிடமும், தன் கழிவிலுள்ள சத்தும் தருகிறது. திட்டுகட்டும் பவளங்கள் ஒளிபுகும் ஆழமற்ற கடலிலேயே செழிப்பதற்குக் காரணம் இதுவே. மார்சிலியும் பெய்ஸொனெலும் ஆராய்ந்த மத்தியதரைக் கடற் செம்பவளத்தில் இந்நுண்பாசி இல்லை. ஆகவே அவர்களுக்குள் நிகழ்ந்த வழக்கில் பெய்ஸொனெலின் வெற்றி முழு வெற்றியே. ஆனால் மலேசியாவின் தியோமான், ரெடாங், சிப்பாடான் தீவுகளைச் சூழ்ந்த பவளத் திட்டுகளுக்கு இந்தக் கூட்டுவாழ்வே உயிர்நாடி.

அவ்வுயிர்நாடி இன்று இடருற்றிருக்கிறது. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் உள்ளே குடியிருந்த பாசியை இழந்துவிடுகிறது. நிறமும் போகிறது, சதையினூடே வெண்மையான சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதனை வெளிறல் என்பர். வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிடில் பவளம் பசியால் மடியும். 1998இல் உலகக் கடல்கள் பலவற்றில் இவ்வாறு நிகழ்ந்தது. 2010இல் மீண்டும் நிகழ்ந்தபோது, வெளிறிய பவளங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று மலேசிய அரசாங்கம் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூடி வைத்தது. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சூழ்ந்த பவளங்களும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறின. உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

கல் என்று மட்டும் நினைப்பவருக்குக் கடல் சூடானால் பவளத்திற்கு என்ன கேடு என்பது விளங்காது. கல் வெப்பத்தால் பசித்துச் சாவதில்லை. அதனை உடைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், அதன்மேல் நங்கூரம் இறக்குவதும் அவருக்குக் குற்றமாகத் தோன்றா. உயிர் என்று அறிந்தவரே அதன் பசியையும் இறப்பையும் எண்ணிப் பார்ப்பர். பெய்ஸொனெல் கண்ட உண்மை வெறும் பெயர்ப் பூசல் அன்று என்பது இதனால் விளங்கும்.

பள்ளியில் செய்ய ஏற்றது

பவளக்கொடி என்ற இனிய சொல்லைத் தமிழ் கைவிட வேண்டியதில்லை. கடற்சாமந்தி என்ற சொல்லையும் அப்படியே. அச்சொற்களைக் கற்பிக்கும்போது அவற்றின் பின்னுள்ள வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால் போதும். மார்சிலி சரியாகக் கண்டு தவறாகப் பெயரிட்டதையும், பெய்ஸொனெல் தம் முன்னைய கருத்தைத் தாமே சோதித்து மாற்றியதையும், ரெயோமூர் தம் பிழையை அச்சில் ஒப்புக்கொண்டதையும் மாணவர் அறியட்டும்.

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள தோட்டப்பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். ஹைட்ரா தெளிந்த குளங்களிலும் மெல்ல ஓடும் ஓடைகளிலும் வாழ்வது. நீர்ச்செடியோடு சிறிது நீரைக் கண்ணாடிக் கலத்தில் எடுத்து, சன்னலோரம் அசையாமல் ஒரு நாள் வைத்து, பின்னர்ப் பூதக்கண்ணாடி கொண்டு பொறுமையாகத் தேட வேண்டும். முதல் முறை கிடைக்காமற் போகலாம். வேறொரு குளத்து நீரை எடுத்துப் பார்க்கலாம். கிடைத்த அன்று, "இது செடியா, விலங்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆசிரியர் விடை சொல்லாமல் இருக்க வேண்டும். டிராம்பிளேயின் மாணவர் இருவர் நின்ற இடத்தில் அன்று அந்த வகுப்பே நிற்கும்.